கை வைக்காத சிஸ்டர்

எங்கள் அலுவலகத்துக்குள் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து வந்தால் அவர் தணிக்கைக்கு வந்த அதிகாரி. கையை முன்னால் கட்டிக்கொண்டு வந்தால் மனு கொடுக்க வந்தவர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன், ஆளைக் கையை வைத்தே எடை போட்டுவிடுவேன். அதனால் சிதம்பரத்தில் அந்த மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் அந்த சிஸ்டரை முதன்முதலில் பார்த்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. நீலச் சீருடை, ஒல்லியான உருவம், மிஞ்சிப்போனால் இருபத்தாறு வயது. இரண்டு கையும் பின்னால் இருந்தன. ஆய்வுக்கு வந்தவரைப் போல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதுதாம்மா உங்க பாப்பா. எடுங்க" என்றார்.

நான் வயிற்றைக் கிழித்துத் தைத்து ஆறே நாள் ஆனவள். கண்ணாடித் தொட்டிலில் கிடந்ததோ என் முழங்கை நீளம்கூட இல்லை. மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு ஒயர். எடுத்துக் கொடுப்பார் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"நீங்க எடுத்துக் குடுங்க சிஸ்டர்."

"ஒயர் எங்கியும் மாட்டாதும்மா. ஒரு கை தலைக்குக் கீழ, ஒரு கை முதுகுக்குக் கீழ. நான் பக்கத்துலதான இருக்கறேன்."

சொன்னாரே தவிர அவர் கை முன்னால் வரவில்லை. என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோபத்தில்தான் என் மகளை முதல் தடவையாகத் தூக்கினேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியும், பேட்ஜில் படித்திருக்கிறேன். எழுதினால் கூச்சப்படுவார் என்பதால் எழுதவில்லை. அந்தப் பெயரை அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதும் இல்லை. தாய்மார்கள் அறையில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் கடலூர் கடற்கரைக் கிராமத்துப் பெண், மீன் விற்கிறவள், யாருக்கும் ஒரு பட்டப்பெயர் வைக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. அவள் வைத்ததுதான் 'கை வைக்காத சிஸ்டர்'. "இப்ப யாரு டூட்டி?" என்று கேட்டால், "கை வைக்காத சிஸ்டர்தான்" என்று பதில் வரும். எல்லோருக்கும் விளங்கிவிடும்.

நான் ஏன் ஆறு நாள் கழித்துப் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். எட்டாம் மாதத்திலேயே எனக்கு ரத்த அழுத்தம் ஏறி, கடலூரில் ஒரு மருத்துவமனையில் அவசரமாக அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பிள்ளைக்கு மூச்சு வாங்கியதால் அன்றைக்கே ஆம்புலன்ஸில் என் கணவரோடு சிதம்பரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அழுத்தம் இறங்கவில்லை. பிள்ளை ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் குழாய்களோடு கிடக்க, நான் கடலூரில் அவள் படத்தைக் கைபேசியில் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

நான்காம் நாள் மார் இரண்டும் கல்லாகக் கட்டிக்கொண்டன. கையைத் தூக்க முடியவில்லை. பாலைப் பீய்ச்சி எடுத்து அனுப்பலாமே என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, எல்லோரும் என் அழுத்தத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, வெளியே போய் இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். அதை மாரில் வைத்துப் பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினார். பூ கட்டினால் பால் வற்றும், வலி நிற்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பிள்ளை தங்காமல் போன வீட்டில் செய்வது. எனக்கு அது நினைவுக்கு வரவில்லை, வலி விட்டால் போதும் என்றிருந்தது. மறுநாளும் புதுப்பூ மாற்றிக் கட்டினார்.

அந்தப் பூவோடுதான் ஆறாம் நாள் சிதம்பரத்துக்குப் போனேன். பிள்ளையைப் பார்த்துவிட்டு, பால் எடுக்கும் சிறிய அறையில் உட்கார்ந்திருந்தேன். அந்த சிஸ்டர் உள்ளே வந்து மோந்து பார்த்தார்.

"பூ யாரும்மா வச்சிருக்கறது? இங்க பூ கூடாதும்மா."

"தலையில இல்ல சிஸ்டர்" என்றேன்.

சேலைக்குள் கட்டியிருந்த துணியைக் கவனித்தார். பிறகு எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் முடிச்சை அவிழ்த்தேன். பூ பழுப்பேறி, வெந்த மாதிரி தோலோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டேன். அந்த வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது.

"இத வச்சதாலதான் பால் போயிடுச்சா சிஸ்டர்?"

"போயிடுச்சின்னு யாரு சொன்னாங்க? வலிக்குதுன்னு கட்டுனாங்க. இப்ப எடுத்தாச்சி. கைய கழுவிட்டு வாங்க."

அத்தையை நாலு வார்த்தை திட்டுவார், நானும் கூடச் சேர்ந்துகொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பால் எடுக்கக் கற்றுக்கொடுத்ததும் தொடாமல்தான். ஒரு டவலை உருண்டையாகச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். கட்டை விரல் இங்கே, மற்ற விரல்கள் அங்கே, முதலில் உள்ளே அழுத்து, பிறகு சேர்த்துப் பிடி, தோலை இழுக்காதே என்று அந்த டவலில் செய்து காட்டுவார். முடிந்ததும் கை பின்னால் போய்விடும். நான் இருபது நிமிடம் மல்லுக்கட்டினேன். வேர்வைதான் வந்தது. கடைசியில் மஞ்சளாக, பிசுபிசுவென்று, எண்ணிப் பார்த்தால் மூன்று சொட்டு.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்று சொல்லி அழுதேன்.

சுவரில் ஒரு தாள் தொங்கும். எந்தத் தாய் எத்தனை மணிக்கு எவ்வளவு பால் எடுத்தாள் என்று எழுதும் தாள். நான் 'ஒண்ணும் இல்ல' என்றதைக் கேட்ட இன்னொரு சிஸ்டர், போகிற போக்கில் என் பெயருக்கு நேரே ஆங்கிலத்தில் 'நில்', அதாவது ஒன்றுமில்லை, என்று எழுதிவிட்டுப் போனார். எனக்கு அது புதிதில்லை. எங்கள் அலுவலகத்தில் மாதா மாதம் ஏதாவது ஒரு விவரம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வரும். விவரம் இல்லாவிட்டாலும் சும்மா இருக்க முடியாது, இல்லை என்று எழுதி அனுப்ப வேண்டும். அதற்கு இன்மை அறிக்கை என்று பெயர். நான் சேர்ந்த நாள் முதல் இன்மை அறிக்கை அனுப்புவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. இப்போது என் உடம்பே ஒன்று அனுப்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கை வைக்காத சிஸ்டர் அந்தத் தாளைப் பார்த்தார். பேனாவை எடுத்து 'நில்' மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் 'மூன்று சொட்டு' என்று தமிழிலேயே எழுதினார்.

"இருக்கறப்ப இல்லைன்னு எப்டிம்மா எழுதுறது?" என்றார்.

அந்த மூன்று சொட்டையும் சின்ன சிரிஞ்சில் எடுத்து என் கையில் கொடுத்து, பிள்ளையின் கன்னத்துக்குள் நானே வைக்கும்படி செய்தார். அவள் நாக்கைச் சப்புக்கொட்டினாள். அதுவரை என் குரலைக்கூடச் சரியாகக் கேட்டிராத பிள்ளை. எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. "அழுதுக்குங்க, ஆனா ரெண்டு மணி நேரம் கழிச்சி மறுபடியும் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தொட்டிலுக்குப் போய்விட்டார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. மூன்று சொட்டு அரை மில்லி ஆனது, பிறகு இரண்டு, ஐந்து, பத்தாம் நாள் வாக்கில் ஒரு தடவைக்கு இருபது. இருபது வந்த அன்றைக்கு ஏதோ பதவி உயர்வு கிடைத்த மாதிரி அந்தக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வராந்தா முழுக்க நடந்தேன். "ஜாஸ்தி ஆட்டாதக்கா, கொட்டிடப் போவுது" என்றாள் மீன்காரப் பெண்.

ஆனால் கிண்ணத்தில் வருவது வேறு, பிள்ளை மாரில் குடிப்பது வேறு. அதுதான் என் கவலை முழுவதும். மூக்குக் குழாயை எடுத்த பிறகு என் பாலைப் பாலாடையில்தான் புகட்டினோம். மாரில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், இல்லாவிட்டால் தூங்கிவிடுவாள். ஆறு நாள் தாய் வாசனையே தெரியாமல் கிடந்தவள், இனி என்னிடம் வரமாட்டாள் என்று உறுதியாக நம்பினேன். வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. பவுடர் டின்னில் வளர்ந்த பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள், அலுவலகத்திலேயே நாலு பேர் சொல்வார்கள். எனக்கு வேண்டியிருந்தது வேறு. என் பிள்ளை என்னைத் தேடி ஒரு தடவை வர வேண்டும்.

பாலாடை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம், அதன் வழியாகப் பாலைப் பிள்ளையின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். எங்கள் வீட்டில் அதற்குச் சங்கு என்று பெயர். ஆஸ்பத்திரியில் பாலாடை. சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சிஸ்டர் சொன்னதால், கடலூரிலிருந்து மறுநாள் வரவிருந்த என் கணவருக்கு, 'பாலாடை ஒன்று, சின்னதாக' என்று செய்தி அனுப்பினேன். அவர் தமிழாசிரியர். மறுநாள் பேருந்தில் ஐஸ் பையோடு வந்து, பெருமையாகப் பையைத் திறந்து ஒரு சீஸ் டப்பாவை எடுத்து வைத்தார்.

"என்னா மாமா இது?"

"நீதான பாலாடைக்கட்டி கேட்ட. எல்லாரும் சீஸ் சீஸ்ங்கறப்ப என் பொண்டாட்டி மட்டும் தமிழ்ல கேக்கறாளேன்னு சந்தோசமா வாங்கியாந்தேன்."

தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். கை வைக்காத சிஸ்டர் கதவுக்கு அந்தப் பக்கம் போய்ச் சிரித்துவிட்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தார். "சார், சின்னதுன்னு எழுதியிருந்தாங்களா? இது பெருசால்ல இருக்குது" என்றார். அந்தச் சீஸை அறையிலிருந்த அத்தனை தாய்மாரும் ரொட்டியில் வைத்துத் தின்றோம்.

சிஸ்டரின் கையைப் பற்றித் தாய்மார்கள் அறையில் பலவிதமாகப் பேச்சு உண்டு. கை வராதவர் என்று சொல்ல முடியாது. எலிக்குட்டி மாதிரி இருக்கும் பிள்ளைகளுக்கு நரம்பு கண்டுபிடித்து ஊசி ஏற்ற வேண்டுமென்றால் டாக்டர்களே அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே குத்து. மருந்து கொடுப்பது, எடை பார்ப்பது, குழாய் மாற்றுவது எல்லாவற்றுக்கும் கை பறக்கும். ஒரு தாய் பிள்ளையை மாரில் வைக்கும்போது மட்டும் அந்தக் கைகள் பின்னால் போய்விடும். மற்ற சிஸ்டர்கள் அவசரத்தில் பிள்ளையின் தலையைப் பிடித்து மாரோடு அழுத்துவார்கள். அவர்கள் பாவம், முப்பது பிள்ளைக்கு மூன்று பேர். இவர் மட்டும் மரம் மாதிரி நிற்பார். "கையில ஏதோ நேத்திக்கடன் இருக்குதுக்கா" என்றாள் மீன்காரப் பெண். கல்யாணம் ஆகாத பெண், கூச்சம் என்றார் அத்தை.

நாங்கள் சிஸ்டரின் முகத்தைப் பார்ப்போம், சரியாகத்தான் வைத்திருக்கிறோமா என்று. உடனே சொல்வார்: "என்னைய பாக்காதீங்க, அங்க பாருங்க." ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இதைச் சொல்லுவார். அவர் இல்லாதபோது நாங்கள் ஒருவரை ஒருவர் அப்படியே கிண்டல் செய்துகொள்வோம். சாம்பார் ஊற்றும்போதுகூட, "என்னைய பாக்காதீங்க, அங்க பாருங்க."

அத்தை ஒருநாள் அவரிடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்ததை நான் திரைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். "எனக்கு மொதப்புள்ள மூணாம் நாளே போயிடுச்சி கண்ணு. எங்கம்மா எனக்குப் பூதான் கட்டுனாங்க. பக்கத்துல புள்ள இல்லாதவளுக்கு வேற என்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல. இவளுக்கும் கட்டிட்டேன். பாவம் பண்ணிட்டேன்." என் கணவருக்கு முன்னால் அத்தைக்கு ஒரு பிள்ளை பிறந்தது என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. சிஸ்டர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "ஆயா, பாலாடைய கழுவி வெந்நியில கொதிக்க வக்கிறது இனிமே உங்க வேல. வேற யாரையும் தொட வுடாதீங்க" என்றார். அன்றிலிருந்து அத்தை அந்தக் கிண்ணத்தை யாரையும் நெருங்கவிடவில்லை. நானும் அத்தையிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்பதை நிறுத்தினேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு நான் செய்ததைச் சொல்லாமல் விட முடியாது.

பதினைந்தாம் நாள். ஒரு மணி நேரமாகப் பிள்ளையை மாரில் வைத்துப் பார்க்கிறேன். வாயைத் திறப்பாள், மோந்து பார்ப்பாள், அழுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்குப் பதினைந்து நாளாகச் சரியான தூக்கம் கிடையாது. எதிரில் சிஸ்டர் அதே மாதிரி நிற்கிறார்.

"ஒரு தடவ நீங்க புடிச்சி வையுங்க சிஸ்டர். ஒரே ஒரு தடவ."

"கொஞ்சம் அழுகைய நிறுத்திட்டு நெஞ்சுல போட்டுக்குங்கம்மா. அப்பறமா பாக்கலாம்."

"மத்தவங்கள்லாம் புடிச்சி வைக்கல?"

"நீங்க வைங்க. நான் இருக்கறேன்ல."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "கைய கட்டிக்கிட்டு வேடிக்க பாக்கத்தான் ஒனக்குச் சம்பளம் குடுக்கறாங்களா? கல்யாணம் காச்சி ஆயி ஒண்ணு பெத்திருந்தா தெரியும். ஒனக்கு என்னாடி தெரியும்?" என்று கத்தினேன். அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். வேடிக்கை பார்க்கத்தான் சம்பளமா என்ற அதே வார்த்தையை என் மேசைக்கு முன்னால் நின்று எத்தனையோ பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அன்றெல்லாம் வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். அதே வார்த்தை என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது.

அவர் முகம் சிவந்தது. நின்ற இடத்திலேயே நின்றார். அவருக்குப் பின்னால் மருந்துகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. எதேச்சையாக அதைப் பார்த்தேன். அவருடைய முதுகுப்புறம் அதில் தெரிந்தது. இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. சும்மா பிடித்திருக்கவில்லை. சாலையில் ஓடப் பார்க்கும் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவதுபோல, விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கியிருந்தது. வலது கையின் விரல்கள் ஐந்தும் துடித்துக்கொண்டிருந்தன. ஒரு எட்டு வைத்து என் பிள்ளையின் தலையைப் பிடித்து வைக்க அந்தக் கைக்கு எவ்வளவு ஆசை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் அவர் சும்மா நிற்கவில்லை. எனக்கு வெட்கமாகிப்போனது. வாய் மட்டும் மன்னிப்புக் கேட்க வரவில்லை, என் வாய் அப்படிப்பட்டது.

மறுநாள் காலையில் அவர் எதுவும் நடக்காதவர்போல வந்து தாளில் மணி எழுதிக்கொண்டிருந்தார். மீன்காரப் பெண்ணுக்கு வெட்கம் என்பது கிடையாது. பட்டென்று கேட்டுவிட்டாள்.

"ஏன் சிஸ்டர், ஒங் கையில என்னாதான் இருக்குது? ஏன் எங்களத் தொடவே மாட்டேங்கற?"

அவர் பேனாவை மூடினார். "வேலக்கிச் சேந்த புதுசுல நான்தாம்மா ரொம்ப ஃபாஸ்ட்டு" என்றார். "எந்தப் பாப்பாவா இருந்தாலும் புடிச்சி வச்சிருவேன், ரெண்டே நிமிசம். எல்லாரும் என்னையத்தான் கூப்புடுவாங்க. எனக்கும் பெருமையா இருக்கும். மங்கலம்பேட்டையில எங்கம்மாகிட்ட போன் போட்டுச் சொல்லுவேன், இன்னிக்கி அஞ்சி பேருக்கு வச்சேன், ஆறு பேருக்கு வச்சேன்னு."

"அப்பறம்?"

"ஒரு அம்மா டிஸ்சார்ஜ் ஆயி வீட்டுக்குப் போனாங்க. மூணாம் நாளு யூனிட்டுக்குப் போன் பண்ணி அழுவுறாங்க. நீங்க புடிச்சி வச்சாதான் குடிக்குது சிஸ்டர், வீட்டுல குடிக்கலன்னு. ஒரு தடவ வந்துட்டுப் போங்கன்னாங்க. அவுங்க வீடு வடலூர் தாண்டி. எப்டி போறது? வீட்டுக்கு என் கைய மட்டும் அனுப்ப முடியுமா?" கொஞ்சம் நிறுத்தினார். "பாப்பாவுக்கு ஒண்ணும் கொறையில்ல, புட்டிப்பால் குடிச்சி நல்லாதான் வளந்துச்சி. ஆனா அந்த அம்மா, எனக்குக் கை ராசி இல்ல சிஸ்டர்னு சொன்னாங்க. அவுங்களுக்கு இருந்த கைய நான்தான புடுங்கிட்டேன்."

நான் போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

பதினெட்டாம் நாள் அவருக்கு வார விடுமுறை. மதியம் பிள்ளையை வெற்று நெஞ்சில் போட்டு, மேலே துணியைச் சுற்றிக்கொண்டு சாய்ந்திருந்தேன். அங்கே அதற்குக் 'கங்காரு' என்று பெயர். கைபேசி கூடாது என்று சுவரில் எழுதியிருக்கும், எல்லோரும் வைத்திருப்போம். அலுவலகத்திலிருந்து அழைப்பு. ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லையாம்.

"மூணாவது பீரோ சார். ரெண்டாவது தட்டு. இல்ல, பச்சக் கலரு இல்ல, சிவப்பு நாடா போட்டது. அதுக்குக் கீழ…"

துணிக்குள் ஏதோ ஊர்ந்தது. பிள்ளை தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டாள். நான் பேச்சு சுவாரசியத்தில் கவனிக்கவில்லை. கொஞ்சம் சரிந்தாள், மறுபடியும் தூக்கினாள், மூக்கால் தேய்த்தாள். பிறகு வாயை அகலமாகத் திறந்து, யார் தயவும் இல்லாமல், மாரைக் கவ்விக்கொண்டாள்.

"ஐயோ" என்றேன்.

"என்னாச்சும்மா? ஃபைல் தொலைஞ்சிடுச்சா?" என்று பதறினார் மறுமுனையில் இருந்தவர்.

கைபேசி கட்டிலில் விழுந்தது. இழுத்தாள், நிறுத்தினாள், மூச்சு விட்டாள், மறுபடியும் இழுத்தாள். தொண்டை அசைவது தெரிந்தது. பதினெட்டு நாள் வேறு யாருக்கோ பிறந்தவள்போல இருந்தவள் என்னைத் தேடி வந்துவிட்டாள். பிடித்து வைக்க யாரும் இல்லை, நான்கூடப் பிடிக்கவில்லை. மீன்காரப் பெண் கட்டிலைச் சுற்றி வந்து பார்த்தாள். கையை நீட்டியவள் சட்டென்று பின்னால் கட்டிக்கொண்டாள். "என்னைய பாக்காதக்கா, அங்க பாரு" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர்.

மறுநாள் வேலைக்கு வந்ததும் சிஸ்டரிடம் சொன்னேன்.

"யாரு புடிச்சி வச்சாங்க?" என்று முதலில் கேட்டார்.

"யாரும் இல்ல சிஸ்டர். அவளே வந்துட்டா."

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே போனார். ஐந்து நிமிடம் கழித்து வந்தபோது முகம் கழுவியிருந்தார். அன்றைக்கு என் பிள்ளை நாலு தடவை மாரில் குடித்தாள், மீதியைப் பாலாடையில் கொடுத்தோம். நாளுக்கு நாள் இது கூடி, அது குறைந்தது. எடை ஏறியது. இருபத்தாறாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அன்றைக்கென்று பார்த்து அவருக்கு மாலை டூட்டி. நாங்கள் காலையிலேயே கிளம்பிவிட்டோம். கேட்க வேண்டிய மன்னிப்பு கேட்காமலே மஞ்சக்குப்பம் வந்து சேர்ந்தேன்.

வீட்டுக்கு வந்தால் சொந்தக்காரர்கள் கூட்டம். ஆளுக்கொரு யோசனை. தலைய அழுத்து, கால இழு, மூக்க மூடாத. முதல் நாள் பிள்ளை மிரண்டு அழுதாள், மாரைத் தொடவே இல்லை. பாலாடையில்தான் கொடுத்தேன். வீட்டுல குடிக்கல என்று ஒருத்தி வடலூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழுதது எனக்குக் காதிலேயே ஒலித்தது. மறுநாள் அத்தை எல்லோரையும் கூடத்துக்குத் துரத்தி, கதவைச் சாத்தி, கதவுக்கு வெளியில் உட்கார்ந்துகொண்டார். நான் அவளை நெஞ்சில் போட்டுக்கொண்டு சும்மா கிடந்தேன். சாயங்காலத்துக்குள் அவள் வந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மதியம் டிஸ்சார்ஜ் தாளிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். வேறு யாரோ எடுத்தார்கள். அவரைக் கூப்பிடச் சொன்னேன். வந்தார். என் பெயரைச் சொன்னேன்.

"என்னாச்சும்மா?" குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "வீட்டுல குடிக்கலியா?"

"குடிக்கிறா சிஸ்டர். இப்பதான் ரெண்டு பக்கமும் குடிச்சிட்டுத் தூங்குறா. காலையிலேருந்து அஞ்சி தடவ ஒண்ணுக்குப் போயிட்டா."

"அப்ப ஜொரம் கிரம் அடிக்குதா?"

"இல்ல சிஸ்டர்."

"உங்களுக்குப் பிரசர் ஏறிடுச்சா?"

"இல்ல. நான் நல்லாருக்கேன்."

"பின்ன எதுக்கும்மா போன் பண்ணீங்க?"

"குடிக்கிறான்னு சொல்லத்தான்."

யூனிட்டின் இயந்திரங்கள் கீச் கீச்சென்று கத்துவது போனில் கேட்டது. நான் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, "சிஸ்டர், அன்னிக்கி நான் உங்கள அப்டி பேசுனது…" என்று ஆரம்பித்தேன்.

"இருங்கம்மா" என்றார். "அதெல்லாம் இருக்கட்டும். மொதல்ல ஒண்ணு சொன்னீங்கல்ல, அத இன்னொரு தடவ சொல்லுங்க."

"வீட்டுல குடிக்கிறா சிஸ்டர்" என்றேன்.